அவர் நம்பருக்கு ரீசார்ஜ்

அன்புள்ள நைனாவுக்கு, மஸ்கட்டிலிருந்து சாமுண்டீஸ்வரி வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் குழம்பும் என்று எழுதி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று மாதம் முன்பு போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் குரலை ஒரு ஆப்பில் வைத்திருந்தேன். போனில் இடமில்லை என்று அந்தப் பதிவுகளை அழித்தேன். கிளவுடில் தனியாக ஒரு காப்பி இருக்கும் என்று நினைப்பு. கூட வேலை செய்யும் அனு சிரித்தாள். "அய்ய, இங்க அழிச்சா அங்கயும் போயிடும்க்கா! முப்பது நாள்தான் குப்பையில கெடக்கும்." இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஆப்பை அவர் நம்பரில் தொடங்கியதால், மீட்க அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம்.

உங்களிடம் இருக்கும் அவர் போனுக்குச் சார்ஜ் போட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டு கடையில் ரீசார்ஜ் செய்யுங்கள். "செத்தவனுக்கு இன்னாத்துக்கு?" என்று கடைக்காரர் கேட்டால் கேட்கட்டும். வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன். அப்போது அவர் போனில் வரும் ஆறு எண்ணையும் எனக்கு நிதானமாகப் படியுங்கள். நான் அழுதாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
சாமுண்டி