இரண்டாவது பிரேக்

அன்பு வாண்டுக்கு,

அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று வாய்க்கு வந்தபடி எழுதவில்லை, நேற்று சளிப் பரிசோதனைச் சீட்டு வந்துவிட்டது, கிருமி இல்லை, மருந்தையும் மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடை மூன்று கிலோ ஏறி, பழைய பேன்ட் மறுபடியும் இடுப்பில் நிற்கிறது. அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படி. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் எடுத்து இன்றே அனுப்பிவிடுவாள்.

அவள் அழுதுகொண்டே உன்னிடம் பாதிக் கதைதான் சொன்னாளாம். மீதி இது. போன மாதம் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, எலும்பு மஜ்ஜையில்தான் நோய் எதிர்ப்பு அணுக்கள் பல பிறந்து வளர்கின்றன, காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்காமல் அங்கேயும் கைவைத்து அவை வளரும் விதத்தையே கெடுத்துவிடுகிறது, உன் எலிகளிடம் அதைத்தான் பார்க்கிறாய் என்று. முப்பத்தோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் காதில் இது எப்படி விழும்? என் அணுக்கள் எல்லாம் கற்றுக்குட்டிகள் என்றுதான் விழுந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நானே மிதித்துக்கொண்டிருந்தால் எந்த மாணவன் ஓட்டக் கற்றுக்கொள்வான்? காசநோய்க்கு நான் விழுங்கும் மாத்திரையே எல்லா வேலையையும் செய்தால் என் பிள்ளைகள் எப்போது தேறுவது? இருமலும் நின்றிருந்தது, சரி, காலை எடுத்துப் பார்ப்போம் என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வாத்தியார் என்ற திமிர்.

பன்னிரண்டு நாள் ஓடியது. மாத்திரைகளை வண்டியின் டாஷ்போர்டு பெட்டியில் துடைக்கிற துணிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன், அம்மா கண்ணாடி துடைக்கத் துணியை எடுத்ததும் குட்டு உடைந்தது. காதைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், வண்டியை அவளே ஓட்டினாள், வழியெல்லாம் என் கால் தானாக பிரேக்குக்குப் போக, காலை எடுங்க, இல்லேன்னா இறங்கி நடங்க என்று அதட்டல் வேறு. மாத்திரை கொடுக்கும் நர்ஸ் என் தத்துவத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சார், இப்போ உங்க சீட்டுல உக்காந்து அதுங்களுக்குப் பாடம் நடத்துறதே அந்தக் கிருமிதான், மொதல்ல அதை இறக்கிவிடுங்க, அப்புறம் உங்க பிள்ளைங்க ஓட்டட்டும் என்றாள். இப்போது ஒரு நாளும் விடாமல் விழுங்குகிறேன், விட்ட நாட்களைக் கடைசியில் கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், தினமும் காலையில் அம்மா எதிரே நின்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாள், லைசென்ஸ் பரீட்சைகூட இதனிடம் தோற்றது.

இனி உன் விஷயம். என்னாலதான் அப்பா நிறுத்தினார், வேலையை விட்டுட்டு அடுத்த வாரமே வரேன் என்றாயாம். அசடே, நீ சொன்னது சரி, நான் புரிந்துகொண்டதுதான் கோணல். இன்னும் எட்டு மாதத்தில் முடியப்போகிற வேலை, இப்போது விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீயே சொன்னாயே. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீ வருகிறாய் என்றதும் எனக்கு உள்ளுக்குள் குஷிதான். நேற்று இந்தச் சீட்டு கைக்கு வந்தபோது, இரண்டு நாள் சொல்லாமல் இருந்தால் டிக்கெட் போட்டுவிடுவாள் என்றுகூட நினைத்தேன். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது வாண்டு, அம்மா உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டியே விட்டாள். அது தொங்கட்டும், எட்டு மாதத்தில் ஒன்றும் வெளுத்துவிடாது.

எலிகளுக்கு நேரத்துக்குத் தீனி வைக்கிறவள் உன் வயிற்றையும் கவனித்துக்கொள். தீர்க்காயுசாக இரு, எடுத்த காரியம் ஜெயமாகட்டும். நீ ஓட்டு. நான் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறேன், காலை எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இன்றைய மாத்திரை போட்டாகிவிட்டது, சாட்சி அம்மா)