பிரித்ததும் உபயோகிக்கும் முறை

இராஜபாளையம்,
12.1.2026, திங்கட்கிழமை.

மகன் கௌதம்ராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆண்டவரின் தயவால் சுகமாக, சொந்த வீட்டில் இருக்கிறோம். ஸ்டுட்கார்ட்டில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், சுகமில்லாதவர்களுக்கு இவ்வளவு திட்டமிட நேரம் இருக்காது.

இன்று காலை பத்தே காலுக்கு இந்த வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. முப்பத்தெட்டு வருடங்களாகக் கிறிஸ்துமஸ் பார்சல்களை நகத்தால் செலோ டேப்பைக் கீறி, வண்ணத்தாள் கிழியாமல் பிரித்து, தாளுக்கு இஸ்திரி போட்டு, அடுத்த வருடத்துக்கு என்று மெத்தைக்கு அடியில் வைத்து வந்தோம். இனிமேல் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரிப்பது என்று முடிவாகிவிட்டது. அம்மா முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன், எதிர்த்து வாக்களித்தவர் யாருமில்லை. மெத்தைக்கு அடியிலிருந்த தாள்கள் முழுவதும், நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது வந்த பச்சை நட்சத்திரத் தாள் உட்பட, பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போயின. மெத்தை இப்போது சமமாக இருக்கிறது. பார்சல்களை இனி மரியாதையாகப் பிரிக்க வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் நீ அனுப்பிய இரண்டு பார்சல்கள். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

டிசம்பரில் இங்கே நல்ல மழை, மாடி அறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனையில் பிரசங்கம் ஒரு மணி இருபது நிமிடம் நடந்தது, எனக்குக் காது மந்தம் என்பதால் நான் மட்டும் பொறுமையோடு இருந்தேன். நூற்பாலையில் முப்பத்திரண்டு வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவனுக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த சலுகை அது ஒன்றுதான், அதையும் நீ பறிக்க நினைத்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆராதனை முடிந்து வழக்கம்போல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன் கிருபாபாய் அத்தை வீட்டுக்குப் போனோம். நம் குடும்பத்து முறை உனக்குத் தெரியாததல்ல. என் அப்பா கொடுத்த பட்டுச்சேலையை என் அம்மா டிரங்குப் பெட்டியில் ஆறு வருடம் பூட்டிவைத்து, கரப்பான் அரித்த பிறகு எடுத்துக் காட்டியதிலிருந்து அப்பா போட்ட சட்டம் அது. கிறிஸ்துமஸ் பரிசை எல்லோர் முன்பும் பிரிக்க வேண்டும், பிரித்ததை அந்த இடத்திலேயே உபயோகிக்க வேண்டும், உபயோகித்த பிறகுதான் இலை போடுவது. உன் அம்மா ஒரு வருடம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டாள். உன் மாமா, அத்தையின் கணவர், உயிரோடு இருந்த கடைசிக் கிறிஸ்துமஸில் ஹெல்மெட்டோடு ஜெபம் செய்தார். நீ பந்தைப் பிரித்த வருடம் டியூப்லைட் போயிற்று, யாரும் உன்னை அடிக்கவில்லை, முறையைத்தான் நிறைவேற்றினாய் என்று விட்டுவிட்டோம். இப்போது யோசித்தால் அன்றே இரண்டு போட்டிருக்கலாம். உங்கள் ஊரில் இருபத்துநான்காம் தேதி சாயங்காலமே பிரித்துவிடுகிறார்கள் என்றும், நம் முறை காட்டுத்தனமானது என்றும் போன வருடம் எழுதியிருந்தாய். அந்தக் காட்டுத்தனத்தின் மேல் நீ இந்த வருடம் வைத்த நம்பிக்கையை நான் எந்தப் போதகரிடமும் கண்டதில்லை.

அத்தை வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். பன்னிரண்டாவதாகப் பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் ரெக்ஸின் பையோடு பிரியாணிக்கு வந்திருந்தார். அவர் சுத்த சைவம். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். முதல் பார்சலில் காது மெஷின் இருந்தது. சின்ன விரல் நகத்தளவுக்கு இரண்டு, அழகான பொருள், மறுப்பதற்கில்லை. கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் ஜெர்மன் பாடம் நடத்தி அங்கேயே குடியிருக்கும் உன் அத்தை மகள் சத்யப்பிரியாதான் கூட இருந்த புத்தகத்தை வாசித்து, இதை ஒரு நல்ல போனோடு சேர்த்தால்தான் வேலை செய்யும், சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் போனில்தான் என்றாள். என்னிடம் இருப்பது பொத்தான் போன். அதனால் அவள் என் காதருகே வந்து, "இப்போதைக்கு அம்மா போன்ல போட்டுக் காட்டுதேன் மாமா, பொறவு நீங்க ஒண்ணு வாங்கிக்கிடுங்க" என்று உன் அத்தையின் போனோடு சேர்த்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு உன் திட்டத்தில் பங்கு கிடையாது, அவளை நீ திட்ட வேண்டியதில்லை. மெஷினை மாட்டியதும் மற்றப் பதினோரு பேரும் சுற்றி நின்று "கேக்கா, கேக்கா" என்று கத்தினார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டது அதுதான்.

அந்த நேரத்தில் நீ உன் அத்தையை அழைத்தாய். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போனாள். புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில், சேர்க்கப்பட்ட போனுக்கு அழைப்பு வந்தால் எதிர்முனைக் குரல் போனில் கேட்காது, மெஷின் மாட்டியவர் காதில்தான் கேட்கும் என்று போட்டிருக்கிறது. ஜெர்மன் மொழியில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள், நீ வாசித்திருக்கலாம். அத்தை பேசுவது போன் வழியாக உனக்குக் கேட்டது, நீ பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. நீ எடுத்த எடுப்பில், "அத்தே, அப்பாவுக்கு நாம பேசுறது கேக்காதுல்லா" என்று கேட்டாய். அவள் கொல்லையிலிருந்து, "கேக்கல, ஒண்ணும் கேக்கலலே" என்று கத்தினாள். அவள் தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னாள், நீ எனக்குக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டாய். யாருக்கு என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் இல்லை, அதை மறக்கும் அளவுக்கு நீ வெளிநாட்டில் இருந்துவிட்டாய். "கேக்கலன்னா நல்லதுதான், மெஷின பொறவு மாத்திக்கிடலாம்" என்று ஆரம்பித்து, நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்து. "அடுத்த பொட்டில பேனா இருக்கு அத்தே. பிரிச்சா எழுதிப் பாக்கணும்லா, அந்த நேரம் ஆவுடையப்பன் அண்ணாச்சி பேப்பர நீட்டட்டும். அப்பா வாசிக்க ஆரம்பிச்சா விட்றாதீங்க, பிரியாணி ஆறுதுன்னு சொல்லுங்க. இன்னைக்குக் கையெழுத்து போட்டுட்டார்னா திங்கக்கெழம ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு ஏதாவது சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாம். பொங்கல் முடிஞ்சதும் ரெண்டு பேரையும் கோயம்புத்தூருக்கு ஏத்திரணும், அங்க எல்லாம் புக் பண்ணிட்டேன். அப்பாட்ட லைப்ரரி இருக்குன்னு சொன்னாப் போதும். அம்மா ரெண்டு நாள் அழுவாங்க, சரியாயிரும்." அத்தை மறுபடியும் "ஏலே கேக்கல, கேக்கல" என்றாள். நீ சிரித்தாய். "கேக்கலன்னா விடுங்க அத்தே, பயப்படாதீங்க. அவங்க எங்க இருந்தா என்ன, டிவிதான பாக்கப் போறாங்க" என்றாய். பிறகு இணைப்பு போயிற்று. ஏழு வருடத்துக்குப் பிறகு நான் இரண்டாவதாகக் கேட்டது இது. ஒலி மிகத் துல்லியம். பக்கத்தில் பேரன் பால் கேட்டது கூடக் கேட்டது.

அத்தை உள்ளே வந்து, கௌதம் கூப்பிட்டான், லைன் சரியில்லை என்றாள். நான் தலையாட்டினேன். இரண்டாவது பார்சலைப் பிரித்தேன், பேனா. பேப்பர் எங்கே என்று நான் கேட்பதற்குள் ஆவுடையப்பனின் கை பைக்குள் இருந்தது. "சும்மா இதுல ஒண்ணு போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று கடைசிப் பக்கத்தை மட்டும் மேலே வைத்து நீட்டினார். நான் முதல் பக்கத்துக்குப் புரட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தேன். இராஜபாளையத்தில் நானும் உன் அம்மாவும் குடியிருக்கும் வீட்டை, நான்கு எல்லைகளும் தென்னை மூன்றும் சேர்த்து, என் சார்பில் விற்க உன் அத்தைக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம். நான்கு பக்கம். அத்தை இரண்டாம் பக்கத்தில் பிரியாணி ஆறுகிறது என்றாள், மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் ஆறுகிறது என்றாள். நான் உபயோகித்து முடிக்காமல் இலை போட முடியாது என்பதால் எல்லோரும் நின்றுகொண்டே கேட்டார்கள். சர்வே எண்ணில் ஒரு பிழை இருந்தது, அதையும் சொன்னேன். முடிந்ததும், முறைப்படி பேனாவை உபயோகிக்க வேண்டுமே, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் "கேட்டது" என்று எழுதினேன். ஆவுடையப்பன் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்து, "இது யார் பேரு" என்றார். அத்தை, "என்னத்தடா கேட்ட" என்றாள். நீ பேசியதை, நீ பேசிய குரலிலேயே, ஒன்றும் கூட்டாமல் சொன்னேன். பிரியாணி அப்போது உண்மையிலேயே ஆறியிருந்தது.

உன் அம்மா அழவில்லை. இரண்டு நாள் என்று நீ கணக்குப் போட்டது வீண். அவள் மெதுவாக, "எனக்குக் காது நல்லாத்தான கேக்கு, எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றாள். பேசாமல் இருந்திருந்தால் உன் அத்தை தப்பித்திருப்பாள், ஆனால் அவள் உன் பக்கம் பேச வந்தாள். "அப்படிச் சொல்லாத தாயி, அது எம்புட்டு நல்ல எடம் தெரியுமா, லிஃப்ட் இருக்கு, டாக்டர் இருக்கார், மூணு வேளையும் கதவத் தட்டிச் சாப்பாடு, ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வேன்" என்று நீ அனுப்பியிருந்த, அந்த முதியோர் இல்லத்தின் வழவழப்பான புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்து விரித்தாள், பக்கம் பார்க்காமலே சொன்னாள், மனப்பாடம். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்புட்டு நல்ல எடம்னா நீங்க போங்க மதினி, நீங்கதான தனியா கெடக்கீங்க, எனக்கு இவிய இருக்காவ" என்றாள். அத்தை புத்தகத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு இலை போட்டார்கள். ஆவுடையப்பனுக்கு மட்டும் தயிர்சாதம்.

இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை நீ ஏற்பாடு செய்திருந்தபடியே பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனேன், உன் உழைப்பு வீணாக வேண்டாம் என்று. வீட்டை உன் அம்மா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தாயிற்று. ஆவுடையப்பன்தான் எழுதினார், யார் பெயருக்கு எழுதுவது என்பதில் அவருக்குக் கொள்கை எதுவும் கிடையாது. சர்வே எண் இந்த முறை சரியாக இருக்கிறது. அன்றிலிருந்து அம்மா வீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறாள், என்னிடம் ஓதம் ஏறிய சுவரைக் காட்டி எப்போது ஆள் கூப்பிடுவீர்கள் என்று வீட்டுக்காரி தொனியில் கேட்கிறாள். அவளுக்குப் பிறகு யாருக்கு என்று அவளிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள். அவள் யோசிக்கட்டும், நீ நினைவூட்ட வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ போனில் பேசுவதை நான் கேட்டுவிட்டேன், அது போதும். இனி எங்களிடம் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பு. காகிதத்தில் பொய் எழுதக் கொஞ்சம் நேரமாகும், அந்த நேரம் உனக்கு நல்லது. இந்தக் கடிதம் நீ அனுப்பிய பேனாவில்தான் எழுதுகிறேன், மசி சீராக இறங்குகிறது. பேரனுக்கு அங்கே குளிர் அதிகம், வெளியே கூட்டிப்போனால் காதை மூடும் குல்லா போடு. நீயும் போட்டுக்கொள். பால் கேட்கும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் தாத்தா வீட்டை விற்பது பற்றிப் பேசாதே, குழந்தைகள் நாம் நினைப்பதைவிட விரைவாகப் பேச்சைக் கற்றுக்கொள்கிறார்கள். மருமகள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவள் குரலை நான் கேட்கவில்லை.

ஆண்டவர் உன்னையும் உன் குடும்பத்தையும் நல்ல ஆரோக்கியத்தோடு, தலைக்கு மேல் ஒரு கூரையோடு வைத்திருக்கட்டும். நீ எங்களை நடத்திய விதமாகவே உன் மகனும் உன்னை நடத்தட்டும் என்று எழுத நினைத்தேன், அம்மா வேண்டாம் என்றாள், ஆகையால் எழுதவில்லை. உன் பள்ளிச் சான்றிதழ்களும் ஞானஸ்நானச் சீட்டும் மாடி அறை அலமாரியில் இருக்கின்றன, ஓதத்தில் ஓரம் கறுக்கிறது. எடுக்க வருவதாக இருந்தால் வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. பொன்னையா.

பி.கு.: கோயம்புத்தூரில் நீ எங்களுக்காகப் பதிவு செய்திருந்த இடத்தில், அறுபது வயது தாண்டிய நெருங்கிய உறவினர் யாரானாலும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். உன் அத்தை முந்தாநாள் சனிக்கிழமை அங்கே குடிபோனாள். அவசரமென்றால் எந்த நேரத்திலும் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் உன் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.