பள்ளிக்கூடத்தில் பாடாத ரேடியோ

அன்புள்ள பெரியவளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், உன் தங்கச்சி ரேடியோ நலம், நானும் நலம்தான், இடுப்பை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன மாசம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற, கைப்பிடி வைத்த குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் நான் மாட்டிக்கொண்டேன். எழுந்தால் அதுவும் கூடவே எழுந்தது. கடைசியில் வாட்ச்மேன் வந்து, "மூச்சை வெளிய விடுங்க சார், இன்னும் விடுங்க" என்று பிரசவம் பார்ப்பது போலப் பார்த்து இழுத்துத்தான் என்னைக் கழற்றினார். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், டீயை ஊற்றி வைத்துக்கொண்டு படி.

நம் வீட்டு ரேடியோவை அணைக்கிற பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது உனக்கே தெரியும். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி பாதி வாக்கியத்தில் தூங்கிப் போகும்போதுதான் நிற்பாள். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், யாருக்கு வாந்தி வந்தது எல்லாம் சாயங்காலச் செய்தியில் வந்துவிடும். அதனால் அவளுடைய டீச்சர் போன் செய்து, இரண்டு பேரும் ஒருமுறை வர முடியுமா என்று கேட்டபோது, வாயாடுகிறாள் என்று திட்டத்தான் கூப்பிடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் காலத்தில் எத்தனை தடவை கைகட்டி நின்றிருக்கிறேன்! ஆகவே போய் உட்கார்ந்ததும் டீச்சர் வாய் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சர், வீட்லயும் இதே பேச்சுதான், என்னை மாதிரியே பொறந்துட்டா, நீங்களே கொஞ்சம் அதட்டி வைங்க" என்று பஸ் ஸ்டாண்ட் மைக்கில் நான் தினமும் அறிவிக்கிற வேகத்தில் சொல்லி முடித்தேன். டீச்சர் என்னையே பார்த்தார். உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். "சார், நீங்க யாரைப் பத்திச் சொல்றீங்க? உங்க பொண்ணு இங்க சேந்ததுல இருந்து ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையே" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. தலையாட்டுவாளாம், கை காட்டுவாளாம், அவ்வளவுதானாம். பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டாளாம். தினமும் வீட்டு வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகப் பாத்ரூமுக்கு ஓடுவாளே, நாங்கள் அதை விளையாட்டு என்று சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வருஷக் கடைசியில் வாய்விட்டுப் படித்துக் காட்டாவிட்டால் இவளை வேறு பள்ளிக்கூடத்துக்கு, பேச்சு வராத பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு, மாற்றிவிடலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்கிறாராம். அம்மா போனை எடுத்து, வீட்டில் ரேடியோ தலையணைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற வீடியோவைக் காட்டினாள். "ஏய் கடைசி பெஞ்ச், அங்க என்ன சிரிப்பு? வந்தேன்னா!" என்று இடுப்பில் கை வைத்து ஒரு அதட்டல். டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு "ஐயோ, இது நான்தானே" என்றார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம் ஒன்று சொன்னார் பார், அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்சது பாதிப் பொண்ணுதான் சார். மீதி உங்க வீட்ல இருக்கா. எப்படி இங்க கொண்டு வர்றதுன்னு எனக்குத் தெரியல, நீங்கதான் சொல்லணும்." ஒரு டீச்சர் என்னைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்லிக் கேட்க இத்தனை வயசாயிற்று எனக்கு.

பிறகு மூன்று பேருமாகப் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். வீட்டில் என்னோடு விளையாடும்போதுதான் அவள் சத்தம் உச்சத்தில் இருக்கும் என்று அம்மா சொன்னாள். சரி, அந்த விளையாட்டை இங்கே கொண்டு வாருங்கள் என்றார் டீச்சர். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு காலி வகுப்பில் நானும் ரேடியோவும் பாம்பும் ஏணியும் விளையாட வேண்டும். டீச்சர் தள்ளி எங்காவது இருப்பார், பார்க்க மாட்டார், கேள்வி கேட்க மாட்டார், அவள் பேசினாலும் ஆகா ஓகோ என்று கொண்டாட மாட்டார். எனக்கும் ஒரு கட்டளை. "சேக்க வந்த அன்னிக்கு அவகிட்ட பேரு கேட்டேன், நீங்க சொன்னீங்க. வயசு கேட்டேன், நீங்க சொன்னீங்க. புடிச்ச கலர் கேட்டேன், அதையும் நீங்கதான் சார் சொன்னீங்க. இனிமே கொஞ்சம் பொறுத்துக்கணும்." கலரையும் தப்பாகத்தான் சொல்லியிருந்தேன் என்பது வேறு விஷயம். உன் அத்தையிடம் சொன்னேன், "அண்ணே, நீ பேசுற பேச்சுல அந்தப் பிள்ளைக்கு நுழையச் சந்து ஏது" என்று போனை வைத்துவிட்டாள். அவள் மட்டும் என்னவோ மௌன விரதம் இருக்கிற மாதிரி!

ஷிப்டை மாற்றிக்கொண்டு தினமும் போனேன். என் இடத்தில் மைக் பிடித்தவர் வடக்கே போகிற கூட்டத்தையெல்லாம் தெற்கே போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார் என்று ஊரே சிரித்தது, சிரிக்கட்டும். முதலில் டீச்சர் வராந்தாவின் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தார், ரேடியோ என் காதுக்குள் மட்டும் கிசுகிசுத்தாள். பிறகு அவர் ஜன்னலுக்கு வந்தார், பிறகு வாசலுக்கு. சில நாள் ஒரு அடி முன்னால் வைத்தால் இவள் வாயை மூடிக்கொள்வாள், அவரும் கோபப்படாமல் அந்த ஒரு அடியைப் பின்னால் வைத்துவிடுவார். குருவி பறந்துவிடும் என்று பயந்து நடப்பவரைப் போல நடந்தார் அந்தப் பெண். அவருக்கும் வீடு இருக்கும், சமையல் இருக்கும், கைக்கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரி துடைத்துக்கொண்டிருந்தார். என் காய் பெரிய பாம்பின் வாயில் போய் நின்றது. நான் மெதுவாக ஒரு கட்டம் நகர்த்தி வைத்தேன். ரேடியோ பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து நேராகப் போய் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், எங்கப்பா அழுகுணி ஆட்டம் ஆடுறாரு!" என்றாள். கிசுகிசு இல்லை, முழுக் குரல். ஆயிரம் பேருக்கு நடுவில் என் குரல் மைக்கில் போவதைக் கேட்டிருக்கிறேன், ஒரு சின்ன அறையை ஒரு குரல் இப்படி நிறைத்து நான் கேட்டதில்லை. டீச்சரும் என்ன சாமர்த்தியம் தெரியுமா, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி, "அப்படியா? எப்பவுமே இப்படித்தானா?" என்றார். "எப்பவுமே! வீட்லயும்!" என்று இவள் விலாவாரியாக ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் பிள்ளையைப் பற்றி அப்பாவிடம் புகார் சொல்லித்தான் கேட்டிருப்போம், பிள்ளை அப்பாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த புகார் இது. டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, துடைத்த தட்டையே திரும்பத் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நான் துள்ளி எழுந்ததும் நாற்காலி கூடவே வந்ததும்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டார்கள், பிறகு ஒரு பெஞ்ச். நேற்று ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலிலேயே நின்று கேட்க, இவள் ஒரு பக்கம் படித்துவிட்டாளாம், சின்னக் குரல்தான், ஆனால் கடைசி வரி வரைக்கும். "இவ இங்கயே இருக்கட்டும்" என்றாராம் அவர். ஆனால் டீச்சர் அதைச் சொல்ல எங்களுக்குப் போன் செய்யவில்லையடி. "இன்னிக்கு அவளே எந்திரிச்சு, டீச்சர் பாத்ரூம் போணும்னு கேட்டா" என்று சொல்லத்தான் செய்தார். அம்மா போனை வைத்துவிட்டு அழுதாள். பாத்ரூமுக்காக ஒரு குடும்பமே உட்கார்ந்து அழுதது நம் வீடாகத்தான் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து இரு என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த முறை போன் செய்யும்போது தங்கச்சியிடம் எதையாவது கேட்டால் பொறுமையாக இரு, நடுவில் நான் புகுந்தால் என்னை அதட்டு.

மைக் இல்லாமல்,
உன் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஸ்கூல் வேன்காரர் வந்தார். ரேடியோ பேச ஆரம்பித்த அதிசயத்தை அவருக்கும் சொன்னேன். மனுஷன் முழித்தார். "மொத நாள்ல இருந்து முன் சீட்ல உக்காந்து என் காதைத் தின்னுக்கிட்டுத்தான சார் வருது? ஸ்கூல் கேட் வந்தா மட்டும் கப்சிப்னு ஆயிடும். இவ்ளோ கண்டிப்பான ஸ்கூலான்னு பாத்து, எம் பொண்ணையும் அங்கயே சேத்துட்டேன்" என்றார்.