அமாவாசைக்கு ஏழு குட்டிகள்

போடிமெட்டு,
12.1.2024

அன்புச் சகோதரி பாண்டீஸ்வரி அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் அழகுமலை. இங்கே ஏலக்காய் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். ஜீப்பு ஓட்டும் முனீஸ்வரன்தான் உங்களைப் பற்றிச் சொன்னான். "அண்ணே, போடில ஒரு டீச்சரம்மா வீட்டுக்குள்ள எலி வளக்குறாங்க" என்றான். நான் நம்பவில்லை. சத்தியம் செய்தான்.

போன வாரம் ஸ்டோர் கூரைத் தகரத்தை மாற்றும்போது ஓர் எலிக்கூடு கிடைத்தது. ஆறு குட்டிகள். எல்லாவற்றையும் ஒழிக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. ஐந்து தவிட்டு நிறக் குட்டிகளைத் தாய் வந்து தூக்கிப்போய்விட்டது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. நெஞ்சில் அரிசி அளவு வெள்ளை. பாலில் பஞ்சை நனைத்துக் கொடுத்தேன், குடித்தது. நேற்றுக் கண் திறந்துவிட்டது. கண் திறந்த பிறகு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குத் தோதில்லை என்றால் முனீஸ்வரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். இங்கே போனில் டவர் கிடையாது. அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
அ. அழகுமலை


போடிநாயக்கனூர்,
16.1.2024

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். குட்டி நலம். பெண் குட்டி. டின்னில் நீங்கள் போட்ட ஓட்டை எறும்புக்குத்தான் போதும். இனிமேல் பெரிய ஆணியாக எடுங்கள்.

நான் டீச்சர் இல்லை. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் லேப் அசிஸ்டென்ட். மே மாதம் ஓய்வு. வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அந்த வருடம் மாவு டின்னுக்குள் ஒன்று விழுந்தது. அதை எடுத்துக் காப்பாற்றியதில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது இவளோடு நான்கு. எதிர்வீட்டுக் கருத்தம்மாள், "ஏ பாண்டீஸ்வரி, ஊரே எலிக்கு மருந்து வைக்குது, நீ சோறு வைக்கிறியே" என்று தினமும் கேட்கிறாள். கேட்டுவிட்டு அவளே ஒரு கை கடலை கொடுத்தும் போகிறாள்.

இந்த இனத்துக்குப் புத்தகத்தில் கறுப்பெலி என்றுதான் பெயர். ஆனால் நம் பக்கம் பத்தில் ஒன்பது தவிட்டு நிறம். மலைக்காட்டில், மரத்தில் இருப்பவற்றுக்கு வயிறு வெள்ளையாக இருக்கும். ஊர் வீடுகளில் இருப்பவற்றுக்குச் சாம்பல். தவிட்டு எலியின் ஒரு முடியைப் பிடுங்கி லென்ஸில் பாருங்கள். அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள், நுனியில் கறுப்பு. உங்கள் குட்டிக்கு அந்த மஞ்சள் பட்டை கிடையாது. அதனால்தான் முழுக் கறுப்பு. இப்போதே வால் உடம்பு நீளத்தை எட்டிவிட்டது. வளர்ந்தால் தாண்டிவிடும்.

ஒரு பெயர் சொல்லி அனுப்புங்கள். கையில் கீறல் இருந்தால் எலியைத் தொடாதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி


போடிமெட்டு,
3.2.2024

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முடி பிடுங்கப் போனதில் ஓர் எலி கடித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, கீழே இறங்கி ஊசியும் போட்டுக்கொண்டேன். கோபப்படாதீர்கள்.

எங்கள் அப்பா பெயர் அமாவாசை. நல்ல கறுப்பு. யாராவது அவரை அதைச் சொல்லிக் கேலி செய்தால் அவர்தான் முதலில் சிரிப்பார். அந்தப் பெயரையே வைக்கலாமா? ஆண் பெண் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலாளி மருந்து வாங்கிவைத்துவிட்டார். மே மாதம் வரை தவணை கேட்டிருக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடிக்கிறேன். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் ஏற்றிவிட்டேன். உள்ளே வர முடியாவிட்டால் அதுகள் காட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

ஊரில் எனக்கு யாரும் இல்லை. கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்து, அப்படியே நின்றுவிட்டது. அதனால் கடிதம் வருவது பெரிய விஷயம். உங்களுக்குச் சோலி இருக்கும்போது பதில் எழுத வேண்டியதில்லை.

அழகுமலை


போடிநாயக்கனூர்,
9.6.2024

அழகுமலை அவர்களுக்கு,

மாதம் இரண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள், ஒரு மாதமாக எழுதவில்லை. ஓய்வு பெற்ற சந்தடி. மன்னிக்கவும்.

அமாவாசை ஏழு குட்டி போட்டிருக்கிறாள்! இன்றோடு பன்னிரண்டு நாள். தகப்பன் என் தவிட்டுப் பையன். பிறந்தபோது ஏழும் ஒரே ரோஜா நிறம். ஐந்தாம் நாள் தோலுக்கடியில் மை ஊறின மாதிரி நான்கு கறுத்தன. மூன்று தவிட்டு நிறம். இந்தக் கறுப்புக்குத் தாய் தகப்பனில் ஒருவர் கொடுத்தாலே போதும். தவிடு மூன்று பிறந்திருக்கிறது என்றால், அமாவாசைக்குள்ளும் ஒரு தவிடு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பில் ஒன்றுக்கு முன்கால் இரண்டும் வெள்ளை, காலுறை போட்டதுபோல. தவிட்டில் ஒன்றுக்குக் காது மற்றதைவிட ஒன்றரைப் பங்கு பெரிது.

ஒரு வருத்தமும் உண்டு. என் மகன் பிரபு திருப்பூருக்கே வந்துவிடச் சொல்கிறான். நல்ல பையன், நல்ல மருமகள். ஆனால் அடுக்குமாடி வீடு. "எலிய எல்லாம் யாருக்காச்சும் குடுத்துரும்மா" என்றான். பதினொன்றையும் யார் வாங்குவார்கள்? உங்களைத் தவிர எனக்கு யாரும் தோன்றவில்லை. எடுத்துக்கொள்வீர்களா?

பாண்டீஸ்வரி


போடிமெட்டு,
15.6.2024

பாண்டீஸ்வரி அவர்களுக்கு,

"சகோதரி" என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே மை தெரிவது அதுதான்.

பதினொன்றையும் எடுத்துக்கொள்கிறேன். முதலாளி வந்து ஸ்டோரைப் பார்த்தார். எலி கடித்த காய் ஒரு படிகூடத் தேறவில்லை. "செரி செரி, மருந்து வேண்டா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கவலை இல்லை.

ஆனால் எலிகள் மட்டும் வருவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. இதைச் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. எனக்கு அறுபத்தொன்று. இரண்டு அறை வீடு. நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பலமுறை போடிக்கு வந்தும் உங்கள் தெருவுக்குள் நுழையாததற்குக் காரணம் இதுதான். முப்பது வயதில் எனக்கு வெண்புள்ளி வந்தது. முகத்தில் பாதியும் இரண்டு கையும் வெள்ளை. பெண் பார்த்த வீடுகளில் அதனால்தான் தட்டிப்போனது. உங்கள் குட்டியின் காலுறையைப் படித்தபோது என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். எலிகளை மட்டும் அனுப்புங்கள். பார்த்துக்கொள்கிறேன்.

அழகுமலை


போடிநாயக்கனூர்,
5.7.2024

அழகுமலைக்கு,

உங்கள் முகம் எனக்கு ஜனவரியிலிருந்தே தெரியும். முதல் டின்னைக் கொடுக்கும்போதே முனீஸ்வரன் சொல்லிவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனால் வாயை மூட முடியாது. நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இன்னொன்று, குட்டியோடு ஒப்பிடாதீர்கள். அதற்குப் பிறப்பில் வந்தது. உங்களுக்கு இடையில் வந்தது. இரண்டும் வேறு வேறு. லேப் அசிஸ்டென்டிடம் தப்பாகச் சொல்லக் கூடாது.

பதிலுக்கு இருபது நாள் எடுத்தது உங்களால் இல்லை, பிரபுவால். போனில் சொன்னேன். "அவரு என்னம்மா செய்றாரு?" என்றான்.

"எலிய மருந்து வச்சுக் கொல்லாம வெளிய அனுப்புறாரு."

"அது ஒரு வேலையாம்மா?"

"ஆறு மாசமா எனக்கு லெட்டர் எழுதுறாரு. எழுதுறதுல ஒரு பொய் இல்ல."

மருமகள் போனை வாங்கி, "அத்தே, நீங்க போங்க. இவர் அழுதுக்கிட்டு இருக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்றாள். மறுநாள் காலை அவனே கூப்பிட்டு, ரெஜிஸ்தர் ஆபீசுக்கு என்றைக்கு லீவு போடணும் என்று கேட்டான்.

போடி வீட்டைப் பூட்டப் போவதில்லை. மழை அடித்துக் கொட்டும் மாதங்களில் நீங்களும் இறங்கி வர வேண்டும். கருத்தம்மாள் இரண்டு குட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரன் ஜீப்பில் வருகிறேன். மெட்டுக்குப் பத்து மணிக்கு வந்துசேரும் என்கிறான். ஒன்பது எலி, மூன்று கூண்டு, என் பை. எனக்கு இரண்டு கை போதாது. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் ரோட்டுக்கு வந்து நில்லுங்கள்.

பாண்டீஸ்வரி