நாற்காலிக்கு வேட்டு

பிப்ரவரி 9, 1976. திங்கள்
காலையில் நல்ல பனி. ஸ்டவ் திரி மாற்ற வேண்டும். உமாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

ஆபீஸில் எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு, இங்கிலீஷாக்க ஒரு நோட்டீஸ், இரண்டு பக்கம். எழுதியவர் ஏசுதாஸ், ஏனாத்தூர், சாயப்பட்டறைத் தொழிலாளி. சனிக்கிழமை போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நெருக்கடி நிலை வந்ததிலிருந்து என் மேஜைக்கு வருவதெல்லாம் இப்படித்தான். அவர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் தேர்தலே நடத்தாமல் தலைவர் உட்கார்ந்திருக்கிறாராம். அதைப் பற்றி.

நல்ல தமிழ். இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். இங்கிலீஷில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தவை:

தலையில் மிளகாய் அரைக்கிறார் - ஏமாற்றுகிறார் என்று போட்டேன். காரம் போச்சு.
வாலை ஒட்ட நறுக்குவோம் - அடக்கி வைப்போம்.
தேர்தல் வரட்டும், அவர் நாற்காலிக்கு வேட்டு வைப்போம் - ஓட்டுப் போட்டு இறக்குவோம்.

பிப்ரவரி 10. செவ்வாய்
சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டார். மூன்றாவது வரியில் சிவப்பு மசிக் கோடு.

"வேட்டுன்னா வெடிதானேம்மா? உள்ளத உள்ளபடி போடுங்க. அர்த்தம் பாக்கறது நம்ம வேல இல்ல."

பேச்சு வழக்கு சார் என்றேன். யாரையாவது வேலையிலிருந்து கிளப்பினால்கூட வேட்டு வைத்துவிட்டான் என்கிறோமே. அகராதி எடுத்துவரச் சொன்னார். அகராதியில் முதல் அர்த்தமே வெடிதான்.

மேலே இருக்கும் அதிகாரிக்குத் தமிழ் வராது. இங்கிலீஷைத்தான் படிப்பார்.

வெடி என்றே போட்டு, கீழே நாலு வரி விளக்கம் டைப் செய்து கொடுத்தேன். விளக்கத்தை ஸ்கேல் வைத்துக் கிழித்தெடுத்துவிட்டு மீதித் தாளை நீட்டினார். 'சரியான மொழிபெயர்ப்பு' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கே புரியவில்லை, எப்படிப் போட்டேன் என்று. கை தானாகப் போட்டது.

வரும் வழியில் கத்தரிக்காய். பாதி சொத்தை.

பிப்ரவரி 15. ஞாயிறு
எதிர்வீட்டுப் பத்மாவதியம்மா ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அவர்கள் தறிக்கு நூல் இழைத்துத் தருகிறவளாம். பெயர் மேரி. வீட்டுக்காரரை உள்ளே வைத்திருக்கிறார்கள், காகிதம் இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார்.

பிரித்ததும் தெரிந்துவிட்டது. ஏசுதாஸின் மனைவி. காவலில் வைத்ததற்குக் காரணம் என்று ஒரே ஒரு வரி எடுத்திருக்கிறார்கள். என் வரி. அதிலும் 'தேர்தல் வரட்டும்' இல்லை.

என் இங்கிலீஷைத் திரும்பத் தமிழாக்கிச் சொன்னேன். நாற்காலிக்கு அடியில் வெடி வைப்போம்.

மேரி காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "அந்த நோட்டீஸ நானுந்தாம்மா குடுத்துக்கினு போனேன். படிச்சவங்க எல்லாம் சிரிச்சாங்க. இத எழுதுனவங்க யாருன்னு தெரிஞ்சா போயி கேக்கலாம்."

"நான்தான் எழுதினேன்."

திட்டுவாள் என்று நின்றேன். காகிதத்தை என் பக்கம் நீட்டினாள்.

"அப்ப நீங்களே மாத்தி எழுதிக் குடுத்துடுங்கம்மா."

பிப்ரவரி 16. திங்கள்
மேரி பெயரில் மனு. மூன்று தடவை கிழித்து எழுதினேன். கூடவே, அந்தச் சொல்லுக்கு அது பொருளல்ல என்று நான் கையெழுத்திட்டு ஒரு தாள். வீட்டில் இவர் படித்துவிட்டு, உமாவை நினைத்துப் பார்த்தாயா என்றார். அவளையும்தான் நினைத்தேன். இரண்டையும் தபாலில் சேர்த்தாயிற்று.

இரவு இவர் சாப்பிடவில்லை. கோபமில்லை, பயம்.

பிப்ரவரி 24. செவ்வாய்
மனு சுற்றிவந்து எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டது. சூப்பரிண்டெண்ட் சத்தம் போடவில்லை. "ஒரே கையெழுத்துல ரெண்டு அர்த்தம் வந்தா எதம்மா நம்பறது?" என்று மட்டும் கேட்டார்.

நாளையிலிருந்து தபால் பிரிவு. கவர் ஒட்டுவது, நம்பர் போடுவது.

பிப்ரவரி 28. சனி
கவர் 212. பசை நகக்கண்ணில் காய்ந்து எரிகிறது. உமாவுக்கு ஜலதோஷம்.

மார்ச் 7. ஞாயிறு
வெயில் ஆரம்பித்துவிட்டது. மேரி வந்தாள். மனுவுக்குப் பதில். இரண்டே வரி. மறுபரிசீலனை செய்யக் காரணமில்லை. படித்துச் சொன்னேன். சரிம்மா என்றாள்.

எப்போது விடுவார்கள் என்று கேட்டாள். தேதி எதுவும் போடவில்லை என்றேன். அது உண்மை.

இன்னொரு வேலை வைத்திருந்தாள். ஜெயிலுக்குக் கடிதம். தமிழில் எழுதினால் அதிகாரிகள் படித்துப் பார்த்து அனுப்ப நாளாகிறதாம், இங்கிலீஷ் என்றால் சீக்கிரம் போகுமாம். அவருக்கு உள்ளே யாராவது படித்துச் சொல்வார்கள்.

இன்லண்டை எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லு என்றேன். வாயைத் திறந்தவள், நிறுத்திவிட்டாள். விரலால் நூல் திரிப்பது மாதிரி முந்தானையைத் திரித்தாள்.

"சுத்தி வளச்சு எதுவும் சொல்லலம்மா. நல்லா இருக்குறோம். பெரியவ ஸ்கூலுக்குப் போறா. அவ்ளோதான் போடுங்க."

இரண்டு வரி. மீதி இடம் வெறுமையாக. வேறு ஏதாவது என்றேன்.

"வாணாம்மா. இன்னா சொன்னா இன்னா ஆவுமோ."

ஒட்டிக் கொடுத்தேன்.