குடம் வைத்த நாற்காலி

என் புடவையில் உன் நாற்காலியின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்கிய தேங்காய் நாரும் பாலிஷும் கலந்த அதே வாசனை. நீ போன பிறகு அதைப் பார்க்கத் தாங்கவில்லை என்று உன் வீட்டுக்காரர் எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தருமபுரியில் ஃப்ளாட் வாங்கியதும் உனக்குப் பழைய மரச்சாமான் பைத்தியம் பிடித்தது. புது சோபாவெல்லாம் நாலு வருஷத்தில் பல்லிளிக்கும் என்பாய். இந்தத் தேக்கு நாற்காலிக்காக என்னையும் அரூருக்கு இழுத்துக்கொண்டு போனாய். அதை விற்ற வீட்டுப் பெரியவர் சில மாசம் முன்புதான் அதில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். மெத்தையின்மேல் தண்ணீர் நிரப்பிய பித்தளைக் குடம் இருந்தது.

“வருசம் திரும்பற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாதுங்க. உங்க வூட்டுக்குப் போனாலும் குடத்த வெச்சிருங்க,” என்றாள் மருமகள்.

நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சட்டமாக உட்கார்ந்தாய். “குடத்தவிட நான் கொஞ்சந்தாங்க கனம்,” என்று சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

உன் வீட்டுக்கு வந்தவர்கள் அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் காபியே குடித்தார்கள். நீ அதிலேயே குடியிருந்தாய். நெஞ்சு அடைக்கிறது என்பாய். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “சித்த நேரம் இதுல உக்காந்தா சரியாப் போயிரும்டி” என்பாய். சரியாகவும் போய்விடும். அதுதான் வினை. ஒரு மத்தியானம் சரியாகவில்லை. நீ தூங்குவதாகத்தான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

இன்று மாலை என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து அதில் சாய்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை நெஞ்சைத் தடவியது. என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. சித்த நேரம் இதுல உக்காந்தா சரியாப் போயிரும்.”

உன் வார்த்தை, அந்த ‘டி’ ஒன்றைத் தவிர. அவர் கத்தக் கத்த அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஆட்டோவில் ஏற்றினேன். கிளம்பும் முன் வீட்டுக்குள் ஓடி, ஒரு குடத்தில் தண்ணீர் பிடித்து அந்த மெத்தையில் வைத்தேன். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதே. வைத்தேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் நின்று, உனக்குத்தான் செல்போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

நர்ஸ் பெண் இரண்டு தரம் வந்துவிட்டாள். “சித்த நேரம் ஆவுங்கக்கா, அப்படி உக்காருங்க,” என்று பெஞ்சைக் காட்டுகிறாள்.

நான் உட்காரவில்லை.