தொடலாமா என்று கேட்கிற மேடம்

நவம்பர் 4, செவ்வாய்

புஜ்ஜி, காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வலது கை இன்றைக்கும் மூடிக்கொண்டது. கடையில் பட்டுச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே. முந்தானை கைக்குள் மாட்டிக் கசங்கிப்போனது. வாங்க வந்த அம்மா பயந்து எழுந்துவிட்டார். முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. இப்படியே இருந்தால் குடோனுக்கு மாற்றிவிடுவேன் என்றார். குடோனில் வெளிச்சமே கிடையாது.

ஆடியில் நீ காய்ச்சலில் போனதிலிருந்து இந்தக் கை இப்படி. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து நரம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். பயம் உடம்பில் தங்கிவிட்டதாம். அதைத் தொட்டும் மூச்சைக் கவனிக்க வைத்தும் தணிக்கிறவர்கள் அடையாறில் இருக்கிறார்களாம். சாயந்தரம் போனேன். பஸ் நந்தனம் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டேன். உன் காலேஜ் பிள்ளைகள் ஏறுவார்கள்.

மாடியில் ஒரே அறை. ரேவதி மேடம். சின்ன வயசுதான். ஒரு பாய், இரண்டு நாற்காலி. ஊசி, மருந்து எதுவும் இல்லை. பாதம் தரையில் படுகிறதா பாருங்கள் என்றார். தரையில் படாமல் வேறு எங்கே படும்.

மணிக்கட்டைப் பிடிப்பதற்கு முன்னால், "தொடலாமாம்மா?" என்று கேட்டார். எந்த டாக்டரும் என்னைக் கேட்டதில்லை. உங்கப்பாவும் கேட்டதில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

தொட்டார். முழங்கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு தோள், தாடை, தொடை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நிறுத்த முடியவில்லை. நம் வீட்டில் செத்துப்போன பெண்களைக் கும்பிட்டு அழைப்போமே, பூவாடைக்காரி பூஜை, அப்போது உங்க அத்தை மேல் வருமே, அதே நடுக்கம்.

"மேடம், யார் வந்திருக்கான்னு கேளுங்க" என்றேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. புரிந்ததும், யாரும் வரவில்லை, இது உங்கள் உடம்பு, உள்ளே அடைத்து வைத்ததை உதறுகிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டு இன்னும் பயம்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. பால், சோப்பு, உங்கப்பாவுக்கு மாத்திரை. குடை ரிப்பேர்.

நடுக்கம் வந்ததை உங்க அத்தையிடம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணம் ஆவாம போன பொண்ணு, வேற எங்கடி போவும்? பெத்தவ மேலதான் வரும். அது வந்து நிக்குது, இவங்க பாதம் தரையில கீதான்னு கேட்டுக்கினு கீறாங்க."

அடுத்த தடவை தானும் வருகிறாராம். கேட்க வேண்டிய விதத்தில் கேட்பாராம்.

நீ வந்தால் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஏன் விட்டாய் என்பாய். வார்டில் உன் கையை நான்தான் பிடித்திருந்தேன். நர்ஸ் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். விடும்மா, ஆயிடுச்சு என்றார். நானாக விடவில்லை புஜ்ஜி.

சோறு இறங்கவில்லை. குளிக்கப் போனால் கதவைத் தாழ் போடப் பயம். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடப் பயம். உன்னிடம்தான் பயம். பெற்ற பிள்ளையிடம் யாராவது பயப்படுவார்களா.

நவம்பர் 11, செவ்வாய்

மூட்டம். தூறல். அத்தை கிளம்பி வந்தே விட்டார். பையில் மஞ்சள், கற்பூரம், மல்லி, உனக்கென்று பச்சையில் ரவிக்கைத் துணி. பஸ் முழுக்க மல்லி வாசனை.

மேடம் அதையெல்லாம் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டில் உங்கள் முறைப்படி செய்யுங்கள், இங்கே அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம் என்றார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

"கதவ சாத்தாத மேடம். கொழந்த எப்டி உள்ள வரும்?"

மேடம் கதவை ஒருக்களித்து வைத்தார்.

போதும் என்று சொன்னால் உடனே கையை எடுத்துவிடுவேன் என்றார். சோதித்துப் பார்த்தேன். போதும் என்றேன். எடுத்துவிட்டார். மறுபடி தொடச் சொன்னேன். நடுக்கம் வந்தது. என் வாயில் உன் குரல் வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஏப்பம்தான் வந்தது, பெரிசாக.

"இன்னா சொல்லுது?" வெளியிலிருந்து அத்தை.

மேடம் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு, உடனே அழுகை. எவ்வளவு நேரமோ தெரியாது. குனிந்து பார்த்தால் கை விரிந்து மடியில் கிடந்தது. யாரும் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் நகம் பதிந்த தழும்பு. அப்படியே கொஞ்சம் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார் மேடம். முடியவில்லை. சட்டென்று மூடிக்கொண்டேன். இந்தத் தடவை அது தானாக மூடவில்லை, நான்தான் மூடினேன். மேடத்துக்கும் தெரிந்திருக்கும்.

நவம்பர் 12, புதன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

கடையில் கை மூடவே இல்லை. கல்யாணப் பட்டுகளை மடிப்பு பிசகாமல் மடித்து வைத்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இனி குடோன் பேச்சு வராது. மத்தியானம் பசித்தது. ரசம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்து கவுன்ட்டர் மாலதி ஏதோ சொன்னாள், சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் திக்கென்றது. காலையிலிருந்து உன் நினைப்பே வரவில்லை.

உள்ளே போய்ச் சேலைக் கட்டுகளுக்கு நடுவில் நின்று கையை இறுக்கிப் பார்த்தேன். மூடியே நிற்கவில்லை. விட்டால் விரிந்துகொள்கிறது.

அத்தை பூஜைக்கு நாள் பார்க்கிறார். மேடம் அடுத்த செவ்வாய் வாருங்கள், மனசு வரவில்லையென்றால் வர வேண்டாம், அதுவும் சரிதான் என்றார். வா என்றோ வராதே என்றோ யாராவது அதட்டினால் தேவலை.

நான் நல்லாயிட்டா உனக்குப் பரவாயில்லையாடி?